மலை ஊருக்கு ஊத்துத் தண்ணி கொண்டு வர்றது எப்படி: முதல் தடவை வர்ற இன்ஜினியரிங் பசங்களுக்கு

கோத்தகிரி பக்கம் எங்க ஊருக்கு வருஷா வருஷம் காலேஜ் பசங்க, புள்ளைங்க வர்றாங்க. எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், "அண்ணா, ஏதாவது ஒரு ஊருக்கு நெலச்சு நிக்கற மாதிரி ஒரு ப்ராஜெக்ட் பண்ணணும், எங்க ஆரம்பிக்கறது?" ஒவ்வொரு டீமுக்கும் வாயால சொல்லி சொல்லி பாத்துட்டேன், இப்ப எழுதியே வெச்சிடலாம்னு தோணுச்சு. நானும் ஸ்டூடண்டா இருந்தப்ப இதே வேலைய செஞ்சு, தப்பு பண்ணி, அதுக்கப்புறம் கத்துக்கிட்டவன் தான்.

சோலார், பயோகேஸ், செக் டேம்னு நிறைய யோசனையோட வருவீங்க. இங்க பயோகேஸ் நினைக்கற மாதிரி வராது, சாணி குழிக்கு சூடு வேணும், 15 டிகிரிக்கு கீழ போனா கேஸ் ரொம்ப கம்மியாயிடும், நம்ம ஊர் மார்கழி ராத்திரி எப்படின்னு வந்து பாத்தவங்களுக்கு தெரியும். சோலார் நல்லாதான் இருக்கும், ஆனா மாசக்கணக்குல மூட்டம் போட்டா பேட்டரிய யாரு பாக்கறது. நான் சொல்லப்போறது மேல இருக்கற ஊத்துல இருந்து கீழ இருக்கற வீட்டுக்கு குழாயில தண்ணி. கரண்ட் வேண்டாம், டீசல் வேண்டாம், சரிவு ஒண்ணு போதும், ராத்திரி பகல் ஓடிக்கிட்டே இருக்கும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு ஆள மனசுல வெச்சுக்கோங்க. ஐப்பசி மழை, ராத்திரி ஒன்பது மணி, டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு ஒருத்தர் பைப் ஜாயின்ட்ட சரி பண்ணிட்டு இருக்கார். நீங்க அப்போ கோயமுத்தூர்லயோ சென்னையிலயோ இருப்பீங்க. அந்த ஆளால, கையில இருக்கற ஒரு ஸ்பானரையும் கோத்தகிரி கடைவீதியில கிடைக்கற சாமானையும் வெச்சு அத சரி பண்ண முடியுமா? முடியாதுன்னா அந்த டிசைன் வேண்டாம், அது பேப்பர்ல எவ்வளவு அழகா இருந்தாலும் சரி. நான் கீழ சொல்ற எல்லாமே அந்த ஆளுக்காகத்தான்.

மொத வேலை: ஊரு உங்கள கூப்பிடணும்

நீங்களா ஒரு ஊர மேப்ல பாத்து தேர்ந்தெடுத்து போய் இறங்காதீங்க. இந்த மலையில பக்கத்து பக்கத்து ஊரே வேற வேற மாதிரி. படகர்ங்க ஊருக்கு ஹட்டின்னு பேரு, தோடர்ங்க ஊருக்கு மந்து, கோத்தர்ங்க ஊருக்கு கோக்கால், அடிவாரத்து பக்கம் இருளர், குறும்பர் ஊருங்க, கூடலூர் பக்கம் பணியர், காட்டுநாயக்கர். எஸ்டேட் லைன் வீடு வேற. ஒவ்வொரு எடத்துலயும் தண்ணிக்கு ஒரு முறை இருக்கு, எந்த ஊத்து யாரோடது, எது குடிக்க, எது மாட்டுக்கு, எதுகிட்ட செருப்போட போகக்கூடாதுன்னு. இதெல்லாம் எந்த சர்வேலயும் வராது, உக்காந்து டீ குடிச்சாதான் வரும்.

கோத்தகிரியில கீஸ்டோன் ஃபவுண்டேஷன் மாதிரி பல வருஷமா பழங்குடி மக்களோட, ஊத்து, சதுப்பு நிலம்னு வேலை செய்யறவங்க இருக்காங்க, மொதல்ல அவங்ககிட்ட போய் பேசுங்க. உங்க காலேஜ் உன்னத் பாரத் அபியான்ல இருந்தா இன்னும் சுலபம். 2014-ல ஆரம்பிச்ச திட்டம் அது, காலேஜ் சில கிராமங்கள தத்தெடுத்து வேலை செய்யணும், அந்த பேர்ல ஊராட்சிக்கு லெட்டர் குடுத்தா கதவு தொறக்கும்.

மொத தடவை போறப்ப டேப், லெவல் எதுவும் எடுத்துட்டு போகாதீங்க. இத நான் ரொம்ப அழுத்தி சொல்றேன். டேப்ப நீட்டுன உடனே ஊருல "தண்ணி வரப்போகுது"ன்னு பேச்சு ஆயிடும். நீங்க அளந்துட்டு போய் செமஸ்டர் எக்ஸாம்ல மாட்டி திரும்பி வராம போனா, அடுத்து வர்ற நல்ல டீமையும் யாரும் நம்ப மாட்டாங்க. இப்படி மூணு தடவை ஏமாந்த ஒரு ஊருல ஒரு பாட்டி என்னைய பாத்து "நீயும் அளக்கத்தான் வந்தியா கண்ணு"ன்னு கேட்டாங்க, எனக்கு பதில் வரல.

தண்ணி தூக்கறவங்ககிட்ட பேசுங்க. கூட்டத்துல முன்னாடி உக்காந்து பேசறது ஆம்பளைங்களா இருக்கும், ஆனா காலைல அஞ்சரைக்கு குடத்தோட நடக்கறது யாருன்னு பாத்து அவங்களோட நடங்க. எத்தன நடை, எவ்வளவு நேரம், எந்த மாசத்துல கஷ்டம்னு அவங்களுக்கு தெரிஞ்ச அளவுக்கு வேற யாருக்கும் தெரியாது. உங்க டீம்ல கண்டிப்பா பொண்ணுங்க இருக்கணும்னு நான் சொல்றதுக்கு இதுதான் காரணம்.

ரெண்டாவது: கோடையில அளங்க

நாங்க பண்ணுன பெரிய தப்பு இதுதான். நவம்பர்ல போனோம், மழை விட்டு ஒரு வாரம், ஊத்து கொப்பளிச்சிட்டு வருது, நிமிஷத்துக்கு 40 லிட்டர், ஆஹான்னு அந்த கணக்க வெச்சு டேங்க் கட்டி குழாய் போட்டு போட்டோ எடுத்துட்டு கெளம்பிட்டோம், மார்ச் கடைசில ஃபோன் வருது, நூல் மாதிரி சொட்டுதுன்னு. போய் அளந்தா நிமிஷத்துக்கு 6 லிட்டர்.

நீலகிரில எல்லா எடத்துக்கும் மழை ஒரே நேரத்துல வராது. கூடலூர், குந்தா, ஊட்டி மேற்கு பக்கமெல்லாம் ஜூன்ல இருந்து தென்மேற்கு பருவமழைய நம்பி இருக்கு, 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 800 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பர் வடகிழக்கு மழைதான் பெருசு. எந்த பக்கமா இருந்தாலும் மார்ச், ஏப்ரல்ல கோடை மழை விழறதுக்கு முன்னாடி அளக்கற அளவுதான் உங்க டிசைனுக்கு அளவு. லீவு எப்ப கிடைக்குதுன்னு பாக்காம ஊத்து எப்ப மெலியுதுன்னு பாத்து ட்ரிப் போடுங்க.

அளக்கறது ரொம்ப சிம்பிள். ஊத்து வாய்க்கு கீழ களிமண்ணால சின்னதா ஒரு கரை கட்டி, ஒரு துண்டு பைப்ப சொருகி, எல்லா தண்ணியும் அது வழியா வர்ற மாதிரி பண்ணுங்க. கீழ 20 லிட்டர் பக்கெட் வைங்க, ஃபோன்ல ஸ்டாப்வாட்ச். மூணு தடவை அளந்து சராசரி எடுங்க. 200 செகண்ட்ல ரொம்புச்சுன்னா நிமிஷத்துக்கு 6 லிட்டர், ஒரு நாளைக்கு 8,640 லிட்டர்.

இப்ப தேவைய பாருங்க. ஜல் ஜீவன் திட்டத்துல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு வெச்சிருக்காங்க. 28 வீடு, 115 பேர்னா 6,325 லிட்டர். அப்போ 6 லிட்டர் ஊத்தே போதும், ஆச்சரியமா இருக்கும். எங்க ஊத்து பொய் சொல்லல, எங்க டேங்க் தான் தப்பு. ராத்திரி ஓடி வீணாப்போன தண்ணிய புடிச்சு வைக்க எடம் இல்ல. ராத்திரி ஒன்பதுல இருந்து காலைல அஞ்சு வரைக்கும் எட்டு மணி நேரத்துல 2,880 லிட்டர் சேரும், காலைல எல்லாரும் ஒரே நேரத்துல புடிப்பாங்க, அதனால அந்த அளவு ஊருக்கு 5,000 லிட்டர் டேங்க் வெச்சா நிம்மதி.

இன்னொண்ணு, அந்த ஊத்துக்கு கீழ யாரு இருக்காங்கன்னு ஓடை வழியாவே நடந்து போய் பாருங்க. மேல நீங்க புடிச்சா கீழ ஒரு ஊருக்கு குறையும். காட்டுமாடு, கரடி எல்லாம் குடிக்கற எடமாவும் இருக்கும். முழுசையும் குழாயில அடச்சு கொண்டு வராதீங்க, நெறஞ்சு வழியற தண்ணி அதே ஓடைக்கு திரும்ப போகட்டும்.

தண்ணிய டெஸ்ட் பண்ணாம ஒரு அடி நகராதீங்க. பாக்க கண்ணாடி மாதிரி இருக்கும், மேல டீ தோட்டம் இருந்தா மருந்து அடிச்சது, உரம் போட்டது எல்லாம் இறங்கியிருக்கும். குடிநீர் வடிகால் வாரியத்தோட லேப்ல குடுங்க. 100 மில்லி தண்ணில ஈ-கோலை இருக்கவே கூடாது, அதுதான் விதி.

மூணாவது: அனுமதி

பசங்களுக்கு பொறுமை போற எடம் இது. நீலகிரில பாதி எடம் காடு, ஊத்து பெரும்பாலும் காட்டுக்குள்ள தான் இருக்கும். 2006 வன உரிமைச் சட்டத்துல பிரிவு 3(2)-னு ஒண்ணு இருக்கு, பள்ளிக்கூடம், அங்கன்வாடி, குடிதண்ணி, குழாய்னு 13 வசதிகளுக்கு காட்டு நிலம் குடுக்கலாம், ஒவ்வொண்ணும் ஒரு ஹெக்டேருக்கு கம்மியா, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல வெட்டாம. ரெண்டு விஷயம் கவனிங்க: கிராம சபை தீர்மானம் வேணும், அப்புறம் அது அரசாங்கம் பராமரிக்கிற வசதியா இருக்கணும். அதனால "நாங்க காலேஜ் டீம், நாங்களே போட்டுக்கறோம்"னு சொன்னா ஆகாது, ஊராட்சி வழியா, அது பேர்ல போகணும்.

கிராம சபை நினைச்ச நேரத்துல எல்லாம் கூடறதில்ல. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறு நாள காலண்டர்ல குறிச்சு அதுக்கு ஏத்த மாதிரி வேலைய போடுங்க. மார்ச் 22 தண்ணீர் தினம், ஊத்தும் அப்ப மெலிஞ்சிருக்கும், நீங்களும் அளந்திருப்பீங்க, அந்த சபையில வெச்சா ரொம்ப பொருத்தமா இருக்கும். வாயால சொன்னத நம்பாதீங்க, தீர்மான நோட்டுல எழுதி கையெழுத்து ஆச்சான்னு பாத்துட்டு ஒரு நகல் வாங்கிக்கோங்க.

வெளிநாட்டுல இருந்து உதவி பண்றேன்னு யாராவது சொன்னா உங்க சொந்த அக்கவுண்டுக்கு வாங்கிடாதீங்க. வெளிநாட்டு நன்கொடைக்கு 2010 சட்டம் இருக்கு, அதுல பதிவு பண்ணுன, இல்ல முன் அனுமதி வாங்குன அமைப்பு தான் வாங்க முடியும்.

நாலாவது: உயரம்

ஃபோன் ஜிபிஎஸ் காட்டற உயரத்த வெச்சு கணக்கு போடாதீங்க, 10, 20 மீட்டர் சாதாரணமா தப்பும், தண்ணிக்கு அது வாழ்வா சாவா. மேஸ்திரிங்க வெச்சிருக்கற டியூப் லெவல் போதும். 40 அடி ட்ரான்ஸ்பரன்ட் டியூப்ல தண்ணி ரொப்பி, உள்ள ஒரு கொமிழ் கூட இல்லாம பாத்து, ரெண்டு முனையையும் அளவு போட்ட ரெண்டு குச்சில கட்டுங்க. ஒருத்தர் மேல, ஒருத்தர் கீழ, தண்ணி அசையாம நிக்கட்டும், ரெண்டு குச்சிலயும் எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு படிங்க, வித்தியாசத்த எழுதிக்கோங்க, மேல இருந்தவர் கீழ இறங்கி அடுத்த எடத்துக்கு போகட்டும். தடவைக்கு ஒன்றரை மீட்டர் இறங்குனா 85 மீட்டருக்கு 57 தடவை, அரை நாளுக்கு மேல ஆகும், அட்டை கடிக்கும், உன்னிச்செடி முள்ளு கிழிக்கும். செய்யுங்க. அந்த ஊர் பசங்கள குச்சி புடிக்க சொல்லுங்க, அவங்களுக்கு அன்னைக்கே முழு லைனும் மனப்பாடம் ஆயிடும்.

10 மீட்டர் இறக்கத்துக்கு சுமார் ஒரு கிலோ ப்ரஷர். கடையில "6 கிலோ பைப்"னு கேட்டு வாங்கற கருப்பு ஹெச்டிபிஇ பைப் 60 மீட்டர் வரைக்கும் தாங்கும். 85 மீட்டர் இறக்கத்துல ஒரே லைனா போட்டு கீழ வால்வ மூடுனீங்கன்னா எட்டரை கிலோ ப்ரஷர், ஏதாவது ஒரு ஜாயின்ட் புடுங்கிக்கும். அதனால பாதில, 40 மீட்டர் கிட்ட, ஒரு சின்ன தொட்டி கட்டுங்க. தண்ணி அதுல திறந்த வெளில விழுந்து ப்ரஷர் எல்லாம் போய் மறுபடி பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும். கனமான பைப் வாங்கறத விட இது மேல், ஏன்னா தண்ணி நின்னா அந்த ஆளு இந்த தொட்டிய தொறந்து பாத்தாலே அடைப்பு மேலயா கீழயான்னு தெரிஞ்சிடும்.

அஞ்சாவது: கட்டறது

ஊத்து வாய ஆழமா தோண்டாதீங்க, தண்ணி வேற பக்கம் போயிடும். அதே மாதிரி தொட்டில தண்ணி மட்டம் ஊத்து இயற்கையா வர்ற மட்டத்துக்கு மேல ஏறக்கூடாது, ஏறுனா பின்னாடி அழுத்தம் வந்து ஊத்து வேற வழி தேடிக்கும். ஊத்துக்கும் தொட்டிக்கும் நடுவுல ஜல்லி, மேல களிமண் மூடி, மழைத்தண்ணி உள்ள வராம மேல் பக்கம் ஒரு சின்ன வாய்க்கா. வழியற பைப்ல கம்பி வலை, இல்லன்னா தவளை உள்ள போயிடும். அடில கழுவி விட ஒரு பைப். மூடி ரெண்டு பேர் தூக்கற அளவுக்கு கனமா இருக்கட்டும், குரங்கு திறக்க முடியாதபடி.

லைன் மேடு பள்ளமா போகும்போது ரெண்டு எடத்த மறக்காதீங்க: மேட்டுல காத்து புடிக்கும், பள்ளத்துல மண் தங்கும். எங்க லைன்ல மேல தொட்டி ரொம்பி வழியுது, கீழ குழாயில ஒரு சொட்டு இல்ல. நாங்க நாலு பேரு கால்குலேட்டர வெச்சு மண்டைய ஒடச்சிட்டு இருக்கோம், அந்த ஊர் அண்ணன் ஒருத்தர் லைன் வழியா நடந்து, பைப்ப அங்கங்க விரலால தட்டிக்கிட்டே போனார். ஒரு மேட்டுல நின்னு காது வெச்சு கேட்டுட்டு "இங்க காத்து கட்டிக்கிச்சு"ன்னாரு. ஆணிய சூடு பண்ணி பைப் மேல் பக்கம் குத்துனார். உஸ்ஸுன்னு அரை நிமிஷம் காத்து, அப்புறம் சளசளன்னு தண்ணி. சைக்கிள் ட்யூப்ப கிழிச்சு ஓட்டைய சுத்தி கட்டிட்டார். அதுக்கப்புறம் அதே எடத்துல 'T' வடிவ ஜாயின்ட் ஒண்ணு போட்டு சின்ன வால்வு வெச்சோம், இப்ப அவர் ஆணி இல்லாம கையாலயே திறந்து விடறார். நீங்க லைன் போடும்போதே எல்லா மேட்டுலயும் அந்த வால்வ வெச்சிடுங்க, பள்ளத்துல எண்ட் கேப் (கழட்டி மாட்டற மூடி) போட்டு கழுவி விடற வழி வைங்க.

பைப்ப ரெண்டு, மூணு அடி ஆழத்துல புதைங்க. மேலாப்புல போட்டா காட்டுப்பன்னி கிளறிடும், யானை வர்ற எடம்னா புடுங்கி எறிஞ்சிடும். குஞ்சப்பனை பக்கம் பலாப்பழ சீசன்ல யானை ரோட்டுக்கே வரும், அது நடக்கற தடம் எதுன்னு ஊர்க்காரங்களுக்கு தெரியும், அங்க குறுக்க போகாம சுத்திப் போங்க, நூறு மீட்டர் பைப் கூட ஆனாலும் பரவாயில்ல. பாறையில புதைக்க முடியாத எடத்துல ஜிஐ பைப் (துத்தநாகம் பூசுன இரும்பு பைப்) போட்டு பாறையோட கிளாம்ப் அடிங்க. செங்குத்தான சரிவ வெட்டி லைன் போடாதீங்க, 2009 நவம்பர்ல இந்த மாவட்டத்துல மண் சரிஞ்சு எத்தன உயிர் போச்சுன்னு இங்க யாரும் மறக்கல.

குளோரின் விஷயம்: 5,000 லிட்டர் டேங்குக்கு 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம் போடணும்னா 10 கிராம் குளோரின், 25 சதவீத ப்ளீச்சிங் பவுடர்னா 40 கிராம். பக்கெட்ல கரச்சு, தெளிய விட்டு, தெளிவ மட்டும் ஊத்தணும். இங்க மூட்டத்துல பவுடர் சீக்கிரம் வீரியம் போயிடும், காத்து புகாத டப்பால வைக்கணும். அளவுக்கு ஒரு ஸ்பூனையே டப்பாவோட கட்டி குடுத்துடுங்க. குழாயில மீதி குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்கணும், டெஸ்ட் கிட்ல கலர் பாத்தா தெரியும்.

ஊத்துக்கு மேல மரம் நடலாமான்னு எல்லா டீமும் கேக்கும். புல்வெளியில நடாதீங்க, தயவு செஞ்சு. சோலையும் புல்லும் சேந்துதான் இந்த மலைக்கு தண்ணிய புடிச்சு வெச்சுது, அந்த புல்லுல வேட்டல் (சீகை மரம்), கற்பூர மரம்னு நட்டு தான் நெறைய ஊத்து மெலிஞ்சுதுன்னு பெரியவங்க சொல்வாங்க. மேல இருக்கற புல்ல அப்படியே விடுங்க, மாடு மிதிக்காம ஒரு வேலி போடுங்க, அது போதும்.

சின்னச் சின்னது

வெளியூர் வண்டில வந்தா இ-பாஸ் எடுத்துக்கோங்க, 2024 மே மாசத்துல இருந்து இருக்கு. ஸ்டீல் பாட்டில் கொண்டு வாங்க, ப்ளாஸ்டிக் பாட்டில் இங்க தடை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல லைன் பாக்கறேன்னு தேயிலைக் காட்டுக்குள்ள நடக்காதீங்க, ஊர்க்காரர் ஒருத்தர் கூட இல்லாம பகல்லயும் காட்டுக்குள்ள போகாதீங்க.

வெளிநாட்டுல போய் செய்ய ஆசை இருக்கறவங்களுக்கும் இதே பாடம் தான். 2000-ல பெர்னார்ட் அமடேய்னு ஒரு கொலராடோ பேராசிரியர் பெலீஸ் நாட்டுல சான் பாப்லோங்கற கிராமத்துக்கு போனார், அங்க சின்னப் புள்ளைங்க ஸ்கூலுக்கு போகாம தண்ணி தூக்கிட்டு இருந்தாங்க. அவர் எட்டு ஸ்டூடண்ட்ஸோட திரும்பப் போய், பக்கத்து அருவி வேகத்துலயே ஓடற பம்ப் வெச்சு தண்ணி ஏத்தினார். அதுல இருந்து 2002-ல பொறந்ததுதான் அமெரிக்காவோட எல்லைகளற்ற பொறியாளர்கள் அமைப்பு. ஒரு ஊரோட குறைஞ்சது அஞ்சு வருஷம் கூட இருக்கணும்னு அவங்க வெச்சிருக்காங்க. உங்க காலேஜ் படிப்பே நாலு வருஷம் தான், அதனால மொத வருஷ பசங்கள மொத ட்ரிப்லயே கூட்டிட்டு வாங்க, கடைசி வருஷத்துக்காரங்க மட்டும் வர்ற டீம்னா ஊருக்கு லாபம் இல்ல.

கடைசியா: ஒப்படைக்கறது

திறப்பு விழா அன்னைக்கு சாவி குடுக்கறது ஒப்படைக்கறது ஆகாது. லைன் ஓட ஆரம்பிச்சு ஒரு வாரம் அங்கயே இருங்க. தண்ணி விடறவர ஊரே தேர்ந்தெடுக்கட்டும், ரெண்டு பேரா இருக்கட்டும், அதுல ஒருத்தர் பொம்பளையா இருந்தா ரொம்ப நல்லது. நீங்க வேணும்னே ஒரு ஜாயின்ட்ட கழட்டி விடுங்க, ஒரு வால்வ மூடி விடுங்க, எங்கன்னு சொல்லாம. அவங்க கண்டுபுடிச்சு சரி பண்ணட்டும், நீங்க கை வைக்காம பக்கத்துல நில்லுங்க. வீட்டுக்கு மாசம் எவ்வளவு போடறதுன்னு ஊரே முடிவு பண்ணட்டும், நீங்க தொகை சொல்லாதீங்க.

ஒரு தகரப் பெட்டில ரெண்டு வால்வு, ஆறு ஜாயின்ட், கிளாம்ப், டெஃப்லான் டேப், ரெண்டு ஸ்பானர், அஞ்சு மீட்டர் பைப், ஒரு துண்டு சைக்கிள் ட்யூப் போட்டு குடுங்க. எல்லாம் ஒரே சைஸ் 32 எம்எம், அதுக்காகவே லைன் முழுக்க ஒரே சைஸ் பைப்பா போட்டுடுங்க. லைன் படத்த பேப்பர்ல குடுக்காதீங்க, டேங்க் செவுத்துல பெயிண்ட்ல வரைங்க, வால்வு எல்லாத்துக்கும் நம்பர் போட்டு.

அந்த செவுத்துலயே பக்கத்துல ஒரு கட்டம் போடுங்க, வருஷம் ஒரு பக்கம், பக்கெட் ரொம்பற செகண்ட் ஒரு பக்கம். வருஷா வருஷம் ஏப்ரல் மொத வாரம் அதே 20 லிட்டர் பக்கெட்ட வெச்சு அவங்களே அளந்து எழுதட்டும். எங்க மொத ஊர் செவுத்துல இப்ப 200, 190, 215-னு வரிசையா இருக்கு, அந்த ஆணி அடிச்ச அண்ணன் தான் எழுதறார். நம்பர் ஏறிக்கிட்டே போனா ஊத்துக்கு மேல ஏதோ நடக்குதுன்னு அர்த்தம், உடனே போய் பாக்கணும். அவர் ஃபோன்ல உங்க நம்பர மட்டும் போடாதீங்க, உங்களுக்கு அடுத்த பேட்ச்ல ரெண்டு பேர் நம்பரையும் போட்டு, அவர் முன்னாடியே ஒரு தடவை கால் பண்ணி பேச வெச்சுட்டு பஸ் ஏறுங்க.